வழி சொல்வது வானமா, வரைபடமா?

(இரண்டாம் ஆண்டு, சிவில்)



"வண்டியில ஜி.பி.எஸ். இருக்குல்ல டிரைவர்?" வேன் புக் பண்ண வருகிறவர்கள் எங்கப்பாவிடம் இப்போதெல்லாம் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். ஏ.சி. இருக்கா, புஷ்பேக் சீட் இருக்கா என்பதெல்லாம் அப்புறம். அப்பாவும் "இருக்குங்க" என்று சொல்லிவிடுவார். அவர் சொல்வது பொய்யில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் கறுப்பாய் ஒரு பெட்டி இருக்கிறது. ஏ.ஐ.எஸ்.-140 என்ற விதிப்படி, 2019 ஜனவரிக்குப் பிறகு பதிவாகும் பயணிகள் வாகனங்களில் வைக்கச் சொன்ன பெட்டி. ஆனால் அது வண்டி எங்கே நிற்கிறது என்று ஆபீசுக்குச் சொல்லுமே தவிர, வண்டி எங்கே போகணும் என்று டிரைவருக்குச் சொல்லாது! பக்கத்தில் ஒரு சிவப்பு பட்டன், ஆபத்துக்கு அமுக்க. அவ்வளவுதான்.

இந்த விஷயத்தை நான் ஏன் தோண்ட ஆரம்பித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். நந்தனத்தில் ஒரு டிராவல்ஸில் அப்பா 12 சீட் வேன் ஓட்டுகிறார். போன டிசம்பரில் ஒரு ராத்திரி, ஹைவேயிலிருந்து ஒரு ஊருக்குள் போக வேண்டியிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் தன் போனில் மேப்பைப் போட்டு "இந்த லெஃப்ட்ல போங்க டிரைவர், 6 நிமிஷம் மிச்சம்" என்றாராம். அப்பா திருப்பினார். அது ஏரிக்கரை மேல் போகிற மண் பாதை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல். கொஞ்ச தூரம் போனதும் பாதை வண்டி அகலத்துக்கும் குறைவாகிவிட்டது. கிளீனர் இல்லை. இருட்டில் ரிவர்ஸிலேயே திரும்பி வந்தார். டயர் சரியவில்லை, அது அவருடைய கை. ஆனால் பேச்சு அவருக்குத்தான் விழுந்தது. மேப் சொன்னவர் ஒன்றும் பேசவில்லை. ஓனர் அன்றைய பேட்டாவைப் பிடித்துக்கொண்டு, "மேப் பார்க்கத் தெரியாதவன வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது" என்றாராம். மே மாதம் கொல்லிமலை டிரிப் ஒன்று இருக்கிறது, அதற்கு வேறு டிரைவரைப் போடலாமா என்றும் பார்த்தார்கள்.

அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "நீ படிக்கிறல்ல, எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு. வாங்கிடலாம்."

எது நல்லது? நான் பார்த்தவரை பலர் கேட்கும்போது இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். நான் இருக்கும் இடம் எது என்பது ஒரு கேள்வி. அங்கிருந்து எந்த ரோட்டில் போவது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு மட்டும்தான் வானத்தில் பதில் இருக்கிறது. செயற்கைக்கோளுக்கு நம்ம ஊர் ரோடு எதுவும் தெரியாது. ஏரி தெரியாது, ஏரிக்கரையும் தெரியாது.

முதல் கேள்வியை நம்ம சர்வே லேப் வழியாகவே புரிந்துகொள்ளலாம். முதல் செமஸ்டர் சர்வேயில் சங்கிலி அளவை செய்தோமே, ஞாபகம் இருக்கா? கோணம் அளக்கக் கருவி கிடையாது. தெரிந்த இரண்டு முளைகளிலிருந்து டேப்பைப் பிடித்து, ஒரு மரம் எத்தனை மீட்டர் என்று இரண்டு நீளங்களை மட்டும் எடுப்போம். தாளில் காம்பஸ் வைத்து இரண்டு வில் போட்டால் அவை வெட்டுகிற இடம்தான் மரம். ஜி.பி.எஸ்.ஸும் இதே வேலைதான்! அதுவும் கோணம் பார்ப்பதில்லை, நீளம் மட்டும்தான். முளைகளுக்குப் பதில் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்கள். டேப்புக்குப் பதில் ரேடியோ அலை. "நான் இன்ன இடத்திலிருந்து, இன்ன நேரத்தில் இதை அனுப்பினேன்" என்று ஒவ்வொன்றும் சதா சொல்லிக்கொண்டிருக்கிறது. நேராகத் தலைக்கு மேல் இருப்பதிலிருந்து அந்தச் செய்தி போனுக்கு வர சுமார் 0.067 விநாடி ஆகும். அந்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம்.

இதில்தான் கஷ்டம். ஒளி விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. நேரத்தில் ஒரு மைக்ரோ விநாடி தப்பினால், தூரம் 300 மீட்டர் தப்பும். அதனால்தான் மேலே அணுக்கடிகாரம் வைத்திருக்கிறார்கள். அதையும் சும்மா விட முடியாது. ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கைப்படி மேலே உள்ள கடிகாரம் பூமியிலுள்ளதைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடும். திருத்தாமல் விட்டால் தூரக்கணக்கில் ஒரே நாளில் சுமார் 11 கிலோமீட்டர் பிழை சேரும்! நம் போனில் இருப்பதோ சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம். எனவே இடத்துக்கு மூன்று அளவுகள், போன் கடிகாரத்தின் பிழையைக் கண்டுபிடிக்க நான்காவதாக ஒன்று. ஆக, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தெரிய வேண்டும். நான்கு தெரியாத இலக்கம், நான்கு சமன்பாடு. கணக்கு சார் சொன்னது வீண் போகவில்லை.

இந்த வேலைக்கு நெட் வேண்டாம் என்பதைக் கவனியுங்கள். போனில் ஏரோப்ளேன் மோட் போட்டு, லொகேஷனை மட்டும் ஆன் பண்ணி, மொட்டை மாடியில் நின்று பாருங்கள். நீலப் புள்ளி வரும். டேட்டா இருந்தால் எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் டவர் வழியாகச் சீக்கிரம் கிடைத்துவிடும், அதனால் புள்ளி சட்டென்று விழும். இல்லாவிட்டால் சற்று நேரம் எடுக்கும். "மலையில டவர் இல்ல, ஜி.பி.எஸ். வேலை செய்யல" என்று சொல்வார்களே, பெரும்பாலும் வேலை செய்யாதது ஜி.பி.எஸ். இல்லை. மேப் படம் இறங்கவில்லை, அதுதான் காரணம்.

வரலாற்றை ஒரு நிமிடம் தொட்டுப் போகிறேன், ஏனென்றால் அது நம்ம ஏரியா வரலாறு. அண்ணா சாலையில் நேரே தெற்கே போனால் பரங்கிமலை. 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி வில்லியம் லாம்டன் அங்கேதான் அடித்தளக் கோட்டை அளக்கத் தொடங்கினார். 100 அடி எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளுமே என்று தெர்மாமீட்டர் வைத்துத் திருத்தம். சுமார் ஏழரை மைலை அளந்து முடிக்க 57 நாள். அந்த ஒரு கோட்டிலிருந்து கிளம்பிய முக்கோணங்கள்தான் பின்னால் இமயமலை வரை போயின. அவருடைய தியோடலைட் அரை டன் எடை. 1808-இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி அடிபட்டது. அதை லாம்டன் தானே உட்கார்ந்து வாரக்கணக்கில் தட்டி நிமிர்த்தினார். நம்ம லேபில் ஒரு லெவலிங் ஸ்குரூ லூசானதற்கு நாம் எவ்வளவு பயந்தோம்!

சரி, செயற்கைக்கோளில் எதைத் தேர்ந்தெடுப்பது? உண்மையில் நாம் தேர்ந்தெடுப்பதே இல்லை. அமெரிக்காவின் ஜி.பி.எஸ்., ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ எல்லாவற்றையும் இப்போதைய போன்கள் சேர்த்தே கேட்கின்றன. முன்பு நிலைமை வேறு. 2000 மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 100 மீட்டர் பிழையில் கத்திப்பாராவில் எந்த ரோட்டில் நிற்கிறோம் என்று எப்படிச் சொல்வது?

நம் நாட்டுக்கு என்று இஸ்ரோ செய்தது நாவிக். முதல் கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. ஏழு கோள் திட்டம். அவை சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், எப்போதும் நம் பக்கத்து வானத்திலேயே இருக்கும்படி அமைத்தவை. இந்தியாவும் எல்லைக்கு வெளியே 1,500 கிலோமீட்டரும்தான் அதன் ஏரியா. உயரமாகத் தலைக்கு மேல் நிற்பதால் கட்டிடங்கள் அதிகம் மறைக்காது என்பது நல்ல விஷயம். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். பல கோள்களில் வெளிநாட்டு அணுக்கடிகாரங்கள் பழுதாகிவிட்டன. 2017-இல் ஒன்று வெப்பக்கவசம் பிரியாமல் வீணானது. 2023 மே 29-இல் நம் நாட்டிலேயே செய்த ருபீடியம் கடிகாரத்துடன் என்.வி.எஸ்.-01 போனது, அது பெருமை. 2025 ஜனவரியில் போன என்.வி.எஸ்.-02 தன் சுற்றுப்பாதைக்கு ஏற முடியவில்லை. 2025 கணக்கில், ஏவிய பதினொன்றில் இடம் காட்டும் வேலைக்கு நான்கைந்துதான் மிஞ்சியிருந்தன. எனவே போன் கடைக்காரர் "இதுல நாவிக் இருக்கு தம்பி" என்று கூடுதல் விலை சொன்னால் அதற்காக மட்டும் கொடுக்காதீர்கள். அதைவிட 'டூயல் பிரீக்வென்சி' இருக்கா என்று கேளுங்கள். எல்-1, எல்-5 இரண்டு அலைவரிசையையும் கேட்கிற போன், கட்டிடங்களில் பட்டுத் திரும்பி வரும் பொய்யான அலைகளை நன்றாகச் சமாளிக்கும். பழைய நாவிக் கோள்கள் எல்-5, எஸ் அலைவரிசைகளில்தான் பேசும், எல்-1 கிடையாது. எனவே நாவிக் எடுக்கிற போன் பொதுவாக இந்த வகையாகத்தான் இருக்கும்.

நானும் என் நண்பர்கள் இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு போன்களை எடுத்துக்கொண்டு சுற்றினோம். நந்தனம் சிக்னலில், தேவர் சிலைக்கு எதிரே, இரண்டும் சரியாகவே காட்டின. நந்தனம் மெட்ரோ ஸ்டேஷன் படியில் இறங்கினதும் புள்ளி தடுமாறி, கீழே உறைந்துவிட்டது. அது நியாயம்தான், பூமிக்கடியில் அலை வராது. தி.நகர் ரங்கநாதன் தெருவில் என் பழைய போனின் புள்ளி பக்கத்துத் தெருவில் துணி எடுத்துக்கொண்டிருந்தது! நண்பனின் டூயல் பிரீக்வென்சி போன் அவ்வளவு அலையவில்லை.

முக்கியமானது கத்திப்பாரா. 2008-இல் திறந்த அந்தப் பாலத்தில் போன் பல தடவை மேலே போகிறோமா கீழே போகிறோமா என்று தெரியாமல் விழித்தது. ஏன்? நல்ல முக்கோணம் என்றால் எந்தக் கோணமும் 30 டிகிரிக்குக் குறையாமலும் 120-க்கு மிகாமலும் இருக்கணும் என்று சர்வே சார் போர்டில் எழுதிப் போட்டாரே, அதுதான் காரணம். செயற்கைக்கோள்கள் நமக்கு நாலு பக்கமும் பரவியிருப்பதால் கிழக்கு மேற்குக் கணக்கு நன்றாக வரும். ஆனால் எல்லாமே தலைக்கு மேலேதான், காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஆகவே உயரக் கணக்கில் பிழை அதிகம். பாலத்தின் உயரமே அந்தப் பிழைக்குள் அடங்கிவிடும். கூகுள் மேப்ஸ் 2024 ஜூலையில் 'மேம்பாலத்தில் ஏறுங்கள்' என்று முன்கூட்டியே சொல்லும் வசதியை இந்திய நகரங்களுக்குக் கொண்டுவந்தது. அது வானத்திலிருந்து வந்த அறிவு இல்லை, வரைபடத்தில் எழுதி வைத்தது. ஏறின பிறகு நாம் எங்கே இருக்கிறோம் என்று அதுவும் ஊகம்தான் செய்கிறது. பாலத்துக்கு முன்பே நாம் முடிவு பண்ணிவிட வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி, ரோடு. கொல்லிமலைக்கும் ஏரிக்கரைக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது.

வரைபடம் கம்ப்யூட்டருக்குள் ஒரு வலை. சந்திப்புகள் முடிச்சு, ரோடுகள் நூல். ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண், எத்தனை நிமிடம் ஆகும் என்று. மொத்த எண் குறைந்த வழியைக் கண்டுபிடிக்க நெதர்லாந்தைச் சேர்ந்த டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட முறை ஒன்று உண்டு. இன்றைய செயலிகள் அதை வளர்த்து எடுத்தவை. முறையில் குற்றமில்லை. அந்த எண்ணை யார் எழுதினார்கள் என்பதுதான் கேள்வி. ஹைவே வழி 31 நிமிடம், ஏரிக்கரை 25 நிமிடம் என்று இருந்தால் கம்ப்யூட்டர் 25-ஐத்தான் எடுக்கும். அந்தப் பாதை வேனுக்கு அகலம் போதுமா, ராத்திரியில் போகலாமா, மழை பெய்ததா என்பது எண்ணில் இல்லாவிட்டால் அதற்கு அது தெரியாது.

2024 ஜனவரியில் ஊட்டிக்கு வந்துவிட்டுக் கர்நாடகா திரும்பியவர்களுக்குக் கூடலூரில் நடந்தது இதுதான். மேப் காட்டிய குறுக்கு வழியில் போலீஸ் குடியிருப்புப் பக்கம் போய், கார் படிக்கட்டில் இறங்கி நின்றுவிட்டது. போலீஸ்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து மீட்டார்கள். அது சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாததும் உண்டு. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப்பிரதேசம் பரேலி பக்கம், வெள்ளத்தில் ஒரு பகுதி போய்விட்ட பாலத்தின் மேல் கார் ஏறி, ராமகங்கை ஆற்றுப் பக்கம் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். வழிகாட்டிச் செயலியைப் பார்த்தே போனார்கள் என்று செய்திகள் சொல்லின. பாலம் இருக்கிறது என்று வரைபடம் சொன்னது. பாலம் இல்லை என்று குறுக்கே ஒரு தடுப்புகூட ரோட்டில் சரியாக இல்லை. இதில் யார் குற்றம் எவ்வளவு என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் இரண்டு பக்கமுமே சிவில் வேலை என்பதை நாம் யோசிக்கணும்.

இதற்கு நடுவில் என் மாமா ஒரு காரியம் செய்தார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் டேஷ்போர்டில் ஒட்டுகிற பழைய வழிகாட்டிக் கருவி ஒன்றைச் சல்லிசாக வாங்கி வந்துவிட்டார். "இதுக்கு நெட்டே வேணாம்டா, அப்பாகிட்ட குடு" என்றார். ஆன் பண்ணினால் சுமார் இருபது வருடத்துக்கு முந்தைய தேதியைக் காட்டுகிறது! எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், நான் மட்டும் விடாமல் தேடினேன். ஜி.பி.எஸ். வாரக்கணக்கை 10 பிட்டில் எண்ணுகிறது. 2-இன் 10-ஆவது அடுக்கு 1,024. அதாவது 1,024 வாரம், சுமார் 19 வருடம் 7 மாதம் ஆனதும் கணக்கு மறுபடி பூஜ்யம். 1999 ஆகஸ்டில் ஒரு தடவை, 2019 ஏப்ரலில் ஒரு தடவை ஆகிவிட்டது. சாப்ட்வேரைப் புதுப்பிக்காத கருவி தன்னைப் பழைய சுற்றிலேயே இருப்பதாக நினைத்துக்கொள்ளும். அதுவாவது பரவாயில்லை, உள்ளே இருந்த மேப்பில் புது பைபாஸ் எதுவும் இல்லை. மாமா வருத்தப்படுவார் என்று அதை டி.வி. பக்கத்தில் கடிகாரம் மாதிரி வைத்திருக்கிறோம். தப்பு தேதிக் கடிகாரம்.

தனிக் கருவி முழுக்க மோசம் என்று சொல்லவில்லை. கார் கம்பெனியே பொருத்தித் தருகிறவற்றில் பல, சக்கரம் சுற்றும் வேகத்தையும் திரும்பும் கோணத்தையும் சேர்த்துக் கணக்கிடும். குருவாயூர் டிரிப்பில் பாலக்காடு தாண்டி வருகிற குதிரான் சுரங்கத்துக்குள், வானம் தெரியாதபோதும் புள்ளி ஓடிக்கொண்டிருக்கும். வெளிச்சத்தில் திரையும் தெளிவு. ஆனால் அப்பா வண்டிக்கு அது கட்டுப்படியாகாது.

ஆக, போன்தான். போனில் எந்த மேப்? கூகுள் மேப்ஸின் பலம் போக்குவரத்து நெரிசல். நிறைய பேர் போனை வைத்துக்கொண்டு ஓடுவதால் எந்த ரோடு சிவப்பு என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. 2024-இல் தேனாம்பேட்டை–சைதாப்பேட்டை மேம்பால வேலை தொடங்கி அண்ணா சாலையில் வழி மாற்றம் வந்தபோதெல்லாம், தி.நகருக்குள் போகலாமா வேண்டாமா என்று அதைப் பார்த்துத்தான் அப்பாவுக்குப் போன் பண்ணுவேன். மேப்மைஇண்டியாவின் மேப்பிள்ஸ் நம் நாட்டுக் கம்பெனி, சந்திப்புகளைப் படமாகவே காட்டுவது புது ஆட்களுக்கு உதவி. ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மண்ட் போன்றவை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் ஓடுகின்றன. அது 2004-இல் இங்கிலாந்தில் ஆரம்பித்தது, யார் வேண்டுமானாலும் திருத்தலாம். முழு மாநில மேப்பையும் வீட்டு வை-ஃபையில் இறக்கிவைத்துக்கொண்டால் மலையில் டவர் இல்லாமலே வழி போடும். கூகுளிலும் ஏரியாவை இறக்கிவைக்கலாம். ஆனால் நெட் இல்லாதபோது நெரிசல் தெரியாது, இறக்கிவைத்ததும் சில காலத்தில் காலாவதியாகும். கிளம்புகிற முதல் நாள் புதுப்பிக்கணும்.

இதையெல்லாம் நோட்டில் எழுதி அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல எது தமிழ்ல பேசும்?" என்றார்.

நான் நோட்டில் அந்த வரியே எழுதவில்லை! டூயல் பிரீக்வென்சி வரை எழுதினவனுக்கு இது தோன்றவில்லை. அப்பாவுக்கு இங்கிலீஷ் போர்டு படிக்க வராது, ஓடுகிற வண்டியில் திரையைப் படிக்கவும் கூடாது. அவருக்கு மேப் என்பது காதில் விழுவதுதான். சட்டமும் அப்படித்தான். 2020-இல் திருத்திய மோட்டார் வாகன விதிப்படி ஓட்டும்போது போனை வழி பார்க்க மட்டும்தான் பயன்படுத்தலாம், அதுவும் கவனம் சிதறாதபடி.

கூகுள் மேப்ஸில் 2018-லிருந்து தமிழ்க் குரல் இருக்கிறது. போட்டுக் காட்டினேன். வீட்டு வாசலிலேயே "வடமேற்கு நோக்கிச் செல்லவும்" என்றது. "வடமேற்கா? நான் என்ன வாஸ்துவா பாக்கறேன்?" என்றார் அப்பா. அப்புறம் பெயர்ப் பிரச்சினை. நாம் சேமியர்ஸ் ரோடு என்கிறோம், போர்டில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் சாலை என்று இருக்கும், குரல் எதைச் சொல்லும் என்று சொல்ல முடியாது. அந்தப் பெரிய பெயரை அது இழுத்து முடிப்பதற்குள் திருப்பம் போய்விடும். ஆனால் "200 மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்" என்பது மட்டும் ஒவ்வொரு தடவையும் தெளிவாக வந்தது. ஒரு வாரம் நந்தனம், மயிலாப்பூர், அடையாறு என்று தெரிந்த ரோட்டிலேயே போட்டு ஓட்டினார். தெரிந்த வழியில் அது எப்போது தப்பாகச் சொல்கிறது என்று பழகிக்கொண்டால்தான் தெரியாத வழியில் எப்போது சந்தேகப்படுவது என்று புரியும். இது நான் சொன்ன யோசனை இல்லை, அவராகச் செய்தது. நம்ம பாஷையில் சொன்னால் கருவியின் பிழையை முதலில் தெரிந்துகொள்வது.

கடைசியில் வாங்கியது இவ்வளவுதான்: டூயல் பிரீக்வென்சி உள்ள செகண்ட் ஹாண்ட் போன் ஒன்று, கண்ணாடியை மறைக்காமல் டேஷ்போர்டில் ஒட்டுகிற ஸ்டாண்டு, சார்ஜர், ஒரு சின்ன ஸ்பீக்கர். போனில் கூகுள் தமிழ்க் குரலுடன், கூடவே ஆர்கானிக் மேப்ஸில் தமிழ்நாடு முழுவதும். கிளம்பும் முன் நானே உட்கார்ந்து வழியை இழுத்துப் பார்த்து, உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் என்று நடுவில் ஊர்களைப் போட்டு வைத்தேன். நடுவில் ஊர் போட்டால் செயலி அந்த ஊரைத் தொட்டே ஆகணும், கண்ட குறுக்கு வழிக்கும் இழுத்துக்கொண்டு போகாது. ஒரு தாளில் தமிழில் எழுதியும் கொடுத்தேன். ஓனரிடம் அந்தத் தாளைக் காட்டியிருக்கிறார் அப்பா. டிரிப் அவருக்கே வந்தது. செமஸ்டர் லீவு என்பதால் என்னையும் கிளீனர் சீட்டில் ஏற்றிக்கொண்டார்.

கொல்லிமலைக்கு இரண்டு வழி. காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு. முள்ளுக்குறிச்சி வழி இன்னொன்று, வளைவு குறைவு. எங்கள் தாளில் முள்ளுக்குறிச்சிதான். அடிவாரத்துக்கு முன்பே டவர் போய்விட்டது. பின்சீட்டில் "டிரைவர், மேப் போச்சு" என்று ஒரு குரல். அப்பா திரும்பாமலே, "எங்களுது இருக்குங்க" என்றார். நீலப் புள்ளி இறக்கிவைத்த மேப்பில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது எவ்வளவு சந்தோஷம் என்று இங்கே எழுதத் தெரியவில்லை.

ஏற்றத்துக்கு முன்னால் ஒரு டீக்கடை. அப்பா வண்டியை நிறுத்திவிட்டார். "அதான் வழி தெரியுதேப்பா" என்றேன். "டீ குடிக்கலாம் வாடா" என்றார். டீ வாங்கிக்கொண்டே கடைக்காரரிடம், "மேல ரோடு எப்படிண்ணே?" என்று கேட்டார். மேலே கல்வெர்ட் வேலை நடக்கிறது, டூ வீலர் போகும், வேன் சாயங்காலம் வரை நிற்கணும் என்றார் அவர். எங்கள் மேப்பில் அது இல்லை. இறக்கிவைத்த மேப்பில் எப்படி இருக்கும்? அப்பா கிளாஸை வைத்துவிட்டு, வண்டியைத் திருப்பிக் காரவள்ளி வழியாக 70 வளைவும் ஏறினார். ஒவ்வொரு வளைவிலும் குரல் சரியாகச் சொன்னது, ஆனால் அவர் ஹாரன் அடிப்பதும் கியர் மாற்றுவதும் அதற்கு முன்பே நடந்துவிட்டது.

ஊருக்குத் திரும்பியதும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கணக்கு ஆரம்பித்து, அந்த டீக்கடை இருந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை, அதனால் 'டீக்கடை' என்று மட்டும் போட்டிருக்கிறேன். சில வாரம் கழித்துப் போனில் மேப்பைப் புதுப்பித்தபோது அது வந்திருந்தது. அப்பாவிடம் காட்டினேன். திரையைப் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "கடை ரோட்டுக்கு இந்தப் பக்கம்டா, நீ அந்தப் பக்கம் வச்சிருக்க" என்றார். மாற்றி வைத்துவிட்டேன்.